நைனாவுக்கு வாங்கிய மீன்

தண்டுவடம் அறுந்தாலும் மறுபடி நீந்தும் மீன் ஒன்று இருக்கிறது என்று சொன்னால், பெரும்பாலானவர்கள் அதை வறுப்பதா குழம்பு வைப்பதா என்றுதான் கேட்கிறார்கள். விரல் நீளம்கூட இல்லை, எதற்கும் தேறாது என்று சொல்லி நான் பேச்சை மாற்றிவிடுவேன். என் பிழைப்பே அந்த மீனோடுதான் என்பதை அதற்குமேல் விளக்கப் பொறுமை இருப்பதில்லை.

ஜீப்ரா மீன் என்று பெயர். உடம்பில் நீலக் கோடுகள். திருப்பதியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அதை மருந்துத் தண்ணீரில் மயக்கி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, தண்டுவடத்தை வெட்டுவது என் வேலை. மயக்கம் தெளிந்ததும் தொட்டியின் அடியில் கிடக்கும். முன்பாதி துடிக்கும், வால்பாதி சும்மா இழுபடும். பிறகு, வெட்டுப்பட்ட இடத்தின் இரண்டு பக்கமிருந்தும் சில செல்கள் நீண்டு பாலம் போடும். நரம்பிழைகள் அந்தப் பாலத்தைப் பிடித்துக்கொண்டு கடக்கும். இரண்டு மாதத்துக்குள் எதுவுமே நடக்காத மாதிரி எதிர்நீச்சல் அடிக்கும். மனிதனுக்கு அதே இடத்தில் தழும்பு விழுந்து வழி அடைத்துவிடுகிறது. மீனுக்கு எப்படி முடிகிறது, நமக்கு ஏன் முடியவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மீன்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதால் பண்டிகை நாளில் தீனி போடுவதும் என் தலையில்தான். "உங்களுக்கென்ன மேடம், ஃப்ரீதானே" என்பார்கள். பம்புச் சத்தத்துக்கு நடுவில் பகல் முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிட்டு வெளியே வந்தால், தெரு முழுக்க மொட்டைத் தலைகள், குடும்பம் குடும்பமாக. உலகமே வந்துபோகும் ஊரில் எனக்கென்று வர ஆளில்லை. சொந்தக்காரர்கள் போன் செய்வதும் தரிசன டிக்கெட் கிடைக்குமா என்று கேட்பதற்குத்தான்.

வீடு நகரிப் பக்கம். என் அப்பா, நாங்கள் கூப்பிடுகிறபடி நைனா, விசைத்தறி ஓட்டியவர். நான் இந்த வேலையில் சேர்ந்து வெகுகாலம் கழித்து, ஒரு மாங்காய் சீசனில், புத்தூர்ப் பக்கம் மாமாவின் தோப்பில் மரமேறினார். கிளை முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படத்தைக் காட்டி எனக்கு விளக்கத் தொடங்கிய டாக்டர், நான் என்ன வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவேயில்லை.

ஊரில் அதற்கு வேறு கணக்கு போட்டார்கள். "பெருமாளு முன்னாடியே ஏற்பாடு பண்ணி வெச்சிகிறாரு பாரு. நைனா விழறதுக்கு முன்னாலயே பொண்ண அந்தப் படிப்புல வுட்டுகிறாரு" என்றார் மாமா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவ்வளவு முன்யோசனை உள்ள பெருமாள் அந்தக் கிளையைக் கொஞ்சம் கெட்டியாகப் படைத்திருக்கலாம்.

நைனா மட்டும் பெருமாளை இழுக்கவில்லை. சாயங்காலம் போன் செய்து, "இன்னிக்கி எத்தினி நீந்துச்சி?" என்று கேட்பார். சொல்வேன். "இது மீனுக்குத்தான் நைனா. மனுசனுக்கு வர்றதுக்கு எவ்ளோ காலமாகுமோ, வருமோ வராதோ" என்பேன். "சரி சரி, மொதல்ல மீனுக்கு வரட்டும்" என்று வைத்துவிடுவார். அந்த ஒரு போனுக்காகவே நான் சீக்கிரம் அறைக்குத் திரும்பிய நாட்கள் உண்டு.

அடுத்த வருஷம் ஆவணியில் அம்மா போன் செய்தாள். "உங்க லேபுல இருந்து ரெண்டு மீனு குடேன். நைனாவுக்கு உயிரோட முழுங்கக் குடுக்கலாம்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. மூச்சிரைப்புக்கு உயிர்மீன் வாயில் மருந்து வைத்து விழுங்குவார்கள். மாமாகூட ரேணிகுண்டாவில் ரயிலேறிப் போய் விழுங்கிவிட்டு வந்தவர். இழுப்பு அப்படியேதான் இருக்கிறது, ஆனால் இன்றைக்கும் அந்த மீன்மேல் சத்தியம் செய்வார். மூச்சுக்கு ஒரு மீன் என்றால், முதுகுக்கு, அறுந்த முதுகு சேரும் மீன். அம்மாவின் கணக்கு அவளுக்குச் சரிதான். நான் கத்தினேன். வெட்டின மீன், மருந்து போட்ட மீன், வெளியே தரவே கூடாது என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஐப்பசி பிறந்ததும் வந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார்கள். போனால், நைனாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல்மேல் ஒரு கண்ணாடி ஜாடி. அதில் ஒற்றை ஜீப்ரா மீன்.

அம்மாவும் மாமாவும் திருப்பதிக்கு வந்து வண்ணமீன் கடையில் வாங்கிப் போயிருக்கிறார்கள். கொண்டுபோய் வைத்த பிறகுதான் புரட்டாசி பிறந்துவிட்டது நினைவுக்கு வந்திருக்கிறது. புரட்டாசியில் கவுச்சி தொடக் கூடாது, மருந்தானாலும் கூடாது. ஆகவே மருந்து ஒரு மாதம் ஜாடியில் காத்திருந்தது. பொட்டுக்கடலை மாவைத் தின்று மற்றதெல்லாம் செத்து, இது ஒன்று தப்பியிருந்தது. ஜாடியைப் பார்த்தபோது எனக்கு உறைத்தது வேறு. அந்தக் கடை என் அறையிலிருந்து நடந்து போகிற தூரம். நான் திட்டுவேன் என்று பயந்து, என்னைப் பார்க்காமலே பஸ் ஏறியிருக்கிறார்கள். பெற்ற தாய் நானிருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போனாள் என்பது வலித்தது.

அம்மா தலைக்குக் குளித்து, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருந்தாள். மாமா, "ராவுகாலம் வர்றதுக்குள்ள ஆவட்டும்" என்று அவசரப்படுத்தினார். நான் அடக்கமாட்டாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். மீன் தன் முதுகைத்தான் சேர்த்துக்கொள்ளும், தின்றவன் முதுகையல்ல. வயிற்றுக்குள் போனால் அது வெறும் மீன். நைனா எழுந்து நடக்கப்போவதில்லை. கடைசி வாக்கியத்தைச் சொன்ன பிறகுதான் அதைச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். மாமா அவளைச் சமாதானப்படுத்தப் பின்னாலேயே போனார்.

நைனா ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீந்தின மீன அப்பறம் இன்னா பண்ணுவீங்கோ?" என்று கேட்டார்.

அவர் அதுவரை கேட்காத கேள்வி. "கொன்னு, முதுகச் சீவி, உள்ள எப்படிச் சேர்ந்துகீதுன்னு பாப்போம்" என்றேன்.

"பாவம். நீந்தியும் அதுக்கு உபயோகமில்லியா" என்று சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"நீ சொல்றது எனக்கு ஆஸ்பத்திரிலயே புரிஞ்சிபூட்ச்சி பாப்பா. அந்த டாக்டரு மூஞ்சப் பாத்தப்பவே. அவளுக்குப் புரிய வேணாம். என்னத் தூக்கிப் பொரட்டிக்கினு, தொடச்சிக்கினு கீறாளே, எப்பனா எழுந்துடுவேன்னுதான் செய்றா. அந்த நெனப்பும் போச்சுன்னா அவ இன்னா பண்ணுவா? புடிச்சிக் குடு."

அம்மாவை நான்தான் போய் அழைத்துவந்தேன். அவள் ஜாடிக்குள் கைவிட்டாள், மீன் அகப்படவில்லை. மாமா டீ வடிகட்டியால் துழாவினார், அது அவருக்கும் சிக்கவில்லை. வருஷக்கணக்காக இதே வேலையாக இருக்கும் நான் அந்த வடிகட்டியை வாங்கி, ஜாடியின் ஓரத்தில் ஒதுக்கி, ஒரே வாரலில் எடுத்தேன். தம்ளர் தண்ணீரில் விட்டு நைனாவின் தலையைத் தூக்கிப் பிடித்தேன். கண்ணை மூடி ஒரே மடக்கில் விழுங்கினார். புரையேறிக் கண்ணில் நீர் வந்தது. அம்மா அவர் பாதங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உணர்ச்சியில்லாத அந்தக் கால்களைப் பார்த்தே பெருமாளைக் கூப்பிட்டாள். நைனாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சாயங்கால பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கோவிந்தா கோவிந்தா என்று சொல்லி எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நைனா மீன்களைப் பற்றிக் கேட்பதில்லை. சாப்பிட்டாயா என்கிறார், சாப்பிட்டேன் என்கிறேன். எங்களுக்கு வேறு பேச்சு இல்லை. பொய்யோ மெய்யோ, அந்த மீன்தான் எங்களைப் பேச வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

போன வாரம் தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டாள். வழக்கமாக அந்த நேரத்தில் கூப்பிடமாட்டாள். ஈரக்கையோடு போனை எடுத்தேன்.

"பாப்பா, இப்போ நைனாவுக்குத் துணி மாத்திக்கினு இருந்தப்ப, கால் கட்ட வெரலு அசைஞ்சிச்சி. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

செயலிழந்த கால்கள் தாமாகவே துள்ளும். மூளைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அது குணமாவதன் அடையாளமும் அல்ல. எத்தனையோ பேருக்கு நானே இதை விளக்கியிருக்கிறேன். அம்மாவுக்கும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எந்தக் கால்மா?" என்று கேட்டேன்.