வெற்றி உண்டாக்கிய பாலைவனம்

வெற்றிக்குப் பொறாமை பிறவிக் குணம் என்று அவன் அம்மா செல்லம்மா சொல்வார். பக்கத்து வீட்டுக் குழந்தையை அவர் தூக்கினால் இவன் அழுவானாம். எல்லாக் குழந்தையும்தான் அழும். இவன் அந்தக் குழந்தை வீடு மாறிப் போன பிறகும் அழுதானாம். இப்போது முப்பத்தாறு வயதாகிறது. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் பெரிய வண்டியை ஓட்டுகிறான். பக்கத்து வண்டிக்கு ஏசி மாற்றினால் இவனுக்குச் சோறு இறங்காது. ஆனால் நல்லவன். கேட்டால் போட்டிருக்கிற சட்டையைக் கழற்றிக் கொடுப்பான். அந்தச் சட்டை அவனைவிட உங்களுக்கு நன்றாகப் பொருந்திவிடக் கூடாது, அவ்வளவுதான்.

நான் தஸ்னீம். பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். வெற்றியின் பொண்டாட்டி ஜோதிகா என் வாடிக்கை. ராயபுரத்தில் ஒரு கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிறாள், சுருக்கமாகப் பேசுவாள். அவள் ஜாக்கெட் வாங்க வந்தபோது கூட வந்தவன்தான் வெற்றி. ஜாக்கெட்டைப் பார்க்கவில்லை. துணி வெட்டுகிற என் மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"யக்கா, ஞாயித்துக்கிழமை கடை மூடித்தான கீது? இந்த டேபிள எங்களுக்கு வுடுக்கா" என்றான்.

எதற்கு என்று கேட்டேன். ஒரு விளையாட்டுக்கு என்றான். சீட்டாட்டமா என்று முறைத்தேன். இல்லை. ஒருவன் ஒரு உலகத்தைச் சொல்லிக்கொண்டே போவான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்து அந்த உலகத்துக்குள் பேசுவார்கள், நடப்பார்கள், சண்டை போடுவார்கள். ஜெயித்தார்களா இல்லையா என்று தெரியாத இடத்தில் இருபது முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். வெள்ளைக்காரன் கண்டுபிடித்த ஆட்டம். லாக்டவுனில் கைப்பேசியில் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறான். டிராகன், கூர்க்காது எல்ஃப், தாடி வைத்த குள்ளர்கள், பல் நீட்டிய ஆர்க் எல்லாம் உண்டு. உலகத்தைச் சொல்கிறவன் வெற்றிதான். மேஜையைக் கொடுத்தேன், நானும் உட்கார்ந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் ஜஹாங்கீர் சவுதியில், தம்மாமில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நான் யாரோடு பேசுவது?

மூன்றாவது ஆள் டில்லிபாபு. கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் வேலை, சாயங்காலம் வியாசர்பாடியில் பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுப்பான். வெற்றியின் பள்ளிக்கூடத்து தோஸ்து. முதல் வாரமே ஆட்டத்தைக் கெடுத்தவன் அவன்தான்.

"மாமு, இந்த குள்ளனுங்க மலைக்குள்ளயே குந்திகினு கீறானுங்களே, இன்னா துன்றானுங்கோ?"

வெற்றிக்குப் பதில் தெரியவில்லை. அவர்களுக்குள் கல்யாணம் எப்படி, செத்தால் புதைப்பதா எரிப்பதா, அதுவும் தெரியவில்லை. முகம் கறுத்துவிட்டது. அடுத்த வாரம் வந்தபோது குள்ளர்கள் காணாமல் போய், ஹரப்பாக்காரர்கள் வந்திருந்தார்கள். அளந்து சுட்ட செங்கல், நேரான தெரு, மூடிய சாக்கடை, கையில் தராசு. வெற்றி நூலகம் நூலகமாக அலைந்து எதையெதையோ படித்துவிட்டு வந்தான். ஆர்க் எல்லாம் மங்கோலியர் ஆனார்கள். அதில் ஒருத்தியை நான் எடுத்துக்கொண்டேன். குதிரைமேலேயே தூங்குவாள், யாருக்கும் பயப்பட மாட்டாள், அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எல்ஃபுகள் பழைய அரேபியப் பாலைவனத்துக் கூட்டங்கள் ஆனார்கள். இஸ்லாம் வருவதற்கு முந்தைய காலத்து ஆட்கள். கவிதை, ஒட்டகம், மானம், விருந்து.

"காது மட்டும் கூரா வெக்காத வெற்றி, எனுக்கு கெட்ட கோவம் வரும்" என்றேன். காதை எடுத்துவிட்டான்.

இந்த விஷயத்தில் அவனுக்கு ஒரு கர்வம் வந்துவிட்டது. "வெளிநாட்டுக்காரன் எல்ஃபு தலையில ஒரு தலப்பாகட்ட சுத்திட்டு, இதான் அரேபியான்றான். அது கலீஜ் வேலக்கா. ஒரு கூட்டத்த எடுத்தா அவுங்கோ சோறு, சத்தியம், சொத்து, கல்யாணம் எல்லாத்தையும் எடுக்கணும். புட்ச்சது புடிக்காதது பாக்கக் கூடாது. இஸ்ட்ரில கீறத நான் மாத்தமாட்டேன்" என்பான். சரித்திரத்தை மாத்தமாட்டேன் என்று மேஜையைத் தட்டுவான்.

கொஞ்ச நாளில் ஜோதிகாவும் வந்தாள். வாரம் முழுக்க வீட்டில் இதே பேச்சு, அப்படி என்னதான் நடக்கிறது என்று பார்க்க வந்தவள் உட்கார்ந்துவிட்டாள். பாலைவனத்துப் பெண்ணாக ஆடினாள். லுபைனா என்று நான் பேர் வைத்தேன். வெற்றி அவளுக்கு உடனே ஒரு புருஷனையும் கொடுத்தான். ஹாரிஸ் என்று கூட்டத்தலைவன், வீரன், கவிஞன். அவனுக்காக வெற்றிதான் பேசுவான். ஹாரிஸ் யார் என்று எங்களுக்குத் தெரியாதா? அதே மீசை, அதே கனைப்பு. உயரம் மட்டும் அரை அடி கூடுதல்.

டில்லிபாபு ஹரப்பா வியாபாரி ஆனான். அந்த எழுத்தை இன்னும் யாரும் படிக்கவில்லை, அதனால் அவர்கள் பேர் யாருக்கும் தெரியாது, நானாக ஒரு பேரை வைக்க மாட்டேன் என்று வெற்றி அடம்பிடித்தான். கடைசியில் முத்திரையில் இருக்கும் ஒற்றைக்கொம்பு மாட்டை வைத்து ஒற்றைக்கொம்பன் என்று கூப்பிட்டோம். குள்ளமான ஆள், ஆயுதமே கிடையாது, தராசு மட்டும்தான்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஹாரிஸ் தினம் லுபைனாவுக்குக் கவிதை சொல்வான். வெற்றி வண்டி ஓட்டிக்கொண்டே இட்டுக்கட்டிய கவிதைகள், சிலது நன்றாகவே இருக்கும். சொல்லிவிட்டு, "லுபைனா வெக்கப்பட்டு உள்ள போறா" என்று அவனே சொல்வான். எங்களிடமெல்லாம், நீ இப்போது என்ன செய்கிறாய் என்று கேட்கிறவன், பொண்டாட்டியிடம் கேட்க மாட்டான். அவள் செய்வதையும் அவனே சொல்லிவிடுவான். ஒற்றைக்கொம்பனோ எதற்கெடுத்தாலும் லுபைனாவிடம் வந்து நிற்பான். "தாயே, கெணறு எங்க தோண்டலாம்? இந்தக் காத்து எப்ப வுடும்? நீ இந்த ஊர்க்காரி, நீ சொல்லு." ஜோதிகா யோசித்துப் பதில் சொல்வாள். ஒரு தடவை அவன் ஒட்டகத்தைத் தராசில் நிறுக்கப் பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்தாள். வெற்றியின் கவிதைக்கு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் பாலைவனத்துத் தேள்கள் எல்லாம் ஒற்றைக்கொம்பனைத்தான் தேடி வந்தன. மணல்புயல் மற்ற மூன்று பேரைச் சுற்றிப் போய் அவன்மேல் மட்டும் அடித்தது. கொள்ளைக்காரர்களுக்கும் என் நல்ல குதிரை வேண்டாம், அவனுடைய பழைய தராசுதான் வேண்டும். டில்லிபாபுவுக்கு அன்று பகடையில் பதினெட்டு, பத்தொன்பது என்று விழுந்து தொலைத்தது. ஒவ்வொரு தடவை அவன் தப்பும்போதும் ஜோதிகா கை தட்டினாள். வெற்றியின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பைக்கிலேயே கேள்வியாம். ஜோதிகா அளவு கொடுக்க வந்தபோது சொன்னாள்.

"ஊருக்கு டில்லி உனுக்கு அண்ணன், ஒட்டகத்து மேல ஏறினா ஒற்றைக்கொம்பனான்றாருக்கா. இன்னா அவ்ளோ சிரிப்புன்றாரு. நான் எங்க சிரிச்சேன், லுபைனாதான் சிரிச்சான்னேன். அதுக்கு ரெண்டு நாளு பேசல."

"நீ இன்னா நெனைக்கிற?" என்றேன்.

"பேஜாரா கீதுக்கா" என்றாள்.

இதில் என் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆம்பளைகளோடு உட்கார்ந்து விளையாடுகிறேன் என்று ஜஹாங்கீரிடம் ஃபோனில் சொன்னேன். "சரி, போறப்ப ஃபேனை ஆஃப் பண்ணிட்டுப் போ" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜோதிகாவைப் பார்த்தால் எரிச்சல். கற்பனையில் வருகிற ஒரு குள்ளனுக்காக ஒருவன் சாப்பிடாமல் கிடக்கிறான், இவள் அதைப் பேஜார் என்கிறாள்.

அந்த மாதத்தில்தான் வெற்றி புதிதாக ஒன்றைப் படித்துக்கொண்டு வந்து பெருமையாகச் சொன்னான். அந்தப் பழைய பாலைவனக் கூட்டங்கள் சிலவற்றில் புருஷனைப் பிடிக்காமல் போன பெண் சண்டை போட வேண்டியதில்லையாம். கூடாரத்தைத் திருப்பிப் போடுவாளாம். கிழக்கே பார்த்த வாசல் மேற்கே பார்க்கும். வெளியே போயிருந்த புருஷன் வந்து பார்ப்பான், புரிந்துகொள்வான், அப்படியே போய்விடுவான். கேள்வி கிடையாது. "ஜனங்க எப்படி வாழ்ந்துகீறாங்க பாருக்கா" என்று அவன் வியந்தபோது ஜோதிகா கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு. மேஜையில் காடாத் துணி விரித்து, என் தையல் சாக்பீசால் வெற்றி பாலைவனம் வரைந்திருந்தான். கிணறு, பாதை, கூடாரங்கள். ஒவ்வொரு கூடாரத்துக்கும் வாசல் என்று ஒரு சின்னக் கோடு. ஒற்றைக்கொம்பன் தன் செங்கல் நகரத்துக்குத் திரும்புகிறான், வழி காட்ட லுபைனா வர வேண்டும் என்றான் டில்லிபாபு. நானும் குதிரையோடு கிளம்பினேன்.

"லுபைனா வரமாட்டா" என்றான் வெற்றி. ஹாரிஸின் குரல்கூட இல்லை, அவன் குரல்தான். "ஹாரிஸ் வேணாம்னுட்டான். அவ உள்ள போய்ட்டா."

ஜோதிகா என்னிடம் கையை நீட்டினாள். சாக்பீசைக் கொடுத்தேன். லுபைனாவின் கூடாரத்து வாசல் கோட்டை விரலால் அழித்தாள். எதிர்ப்பக்கத்தில் வாசல் வரைந்தாள்.

வெற்றி குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தான்.

"அது சில கூட்டத்துலதான்" என்றான் வெற்றி. "இந்தக் கூட்டத்துல கெடையாது."

"நீதான மாமா படிச்ச? இஸ்ட்ரிய மாத்தமாட்டேன்னு நீதான சொன்ன?"

வெற்றி டில்லிபாபு பக்கம் திரும்பினான். "எல்லாம் உன்னாலடா. தாயே தாயேன்னு அவ பின்னாலயே சுத்திகினு."

"டேய், ஜோதி எனுக்கு தங்கச்சிடா!"

"நீ தங்கச்சின்னுவ. உன் ஒற்றைக்கொம்பன் இன்னான்றான், அத்த சொல்லு!"

டில்லிபாபு நிஜமாகவே யோசித்தான். "அவன் கல்யாணம் ஆனவன் மாமு. ஊர்ல ரெண்டு பொண்ணுங்கோ கீது. அதுங்கள பாக்கத்தான் போறான்" என்றான். இது எங்கள் யாருக்கும் தெரியாது. தனியாக உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறான் பாவி.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். வெற்றிக்கு இன்னும் மோசமாகிவிட்டது.

"அப்ப யாருக்காகத் திருப்பின?" என்றான் பொண்டாட்டியைப் பார்த்து.

"எவனுக்காகவும் இல்ல. எனுக்காகத்தான். உன் ஹாரிசு இத்தினி கவித சொன்னானே, ஒரு தபா இன்னா வோணும்னு கேட்டானா? வெக்கப்படறா, உள்ள போறா, எல்லாம் நீயே சொல்ற. அந்த ஹரப்பாக்காரன் கெணறு எங்க தோண்டலாம்னாவது கேக்கறான்."

வெற்றி எழுந்து நின்றான். துணியை ஒரு தட்டுத் தட்டினால் போதும், பாலைவனமே பொடியாகப் பறந்துவிடும். இந்தக் கூட்டத்தில் அந்த வழக்கம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னாலும் போதும். அவன் உலகம், அவன்தான் கடவுள், நாங்கள் என்ன செய்ய முடியும்? ஆனால் சொன்னால் இத்தனை நாள் படித்ததும் கட்டியதும் பொய். சொல்லாவிட்டால் நாலு பேர் முன்னால் பொண்டாட்டி அவனை வெளியே நிறுத்திவிட்டாள். துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றான். பிறகு உட்கார்ந்தான்.

"ஹாரிஸ் வேட்டைக்குப் போய்ட்டு வரான்" என்றான். "வாசலப் பாக்கறான். எறங்கல. ஒட்டகத்த திருப்பிகினு போறான்."

டில்லிபாபு கண்ணைத் துடைத்துக்கொண்டான். சின்ன விஷயத்துக்கும் அழுகிற ஆள்.

"லுபைனா இப்ப இன்னா பண்றா?" என்று வெற்றி கேட்டான். ஜோதிகாவைப் பார்த்துத்தான் கேட்டான்.

"யோசிக்கிறா" என்றாள் ஜோதிகா. அதோடு அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.

புதன்கிழமை வெற்றி தனியாகக் கடைக்கு வந்தான். யார்டுச் சட்டையோடே வந்திருந்தான். ஸ்டூலில் உட்கார்ந்து நூல்கண்டுகளை எடுத்து எடுத்து வைத்தான்.

"யக்கா, அந்த லுபைனா இன்னா முடிவு பண்ணாளாம்? உன்கிட்ட எதுனா சொன்னாளா?"

"உன் பொண்டாட்டிதான வெற்றி. வூட்ல கேளு."

"கேட்டேன்க்கா. சிரிக்கிறா. ஞாயித்துக்கெழம வந்து தெரிஞ்சிக்கோன்றா." குரலைத் தாழ்த்தினான். "ஹாரிச மறுபடியும் சேத்துக்குவாளா? இல்ல, வேற எவனயாவது... மங்கோலியாக்காரன் எவனாவது கீறானாக்கா உன் கூட்டத்துல?"

பொறாமைப்படப் புதிதாக ஆள் தேடுகிறான். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். ஒரே வீட்டில், ஒரே தட்டுச்சோறு சாப்பிடுகிறவளின் மனசு தெரியாமல் யார்டிலிருந்து இத்தனை தூரம் வந்து தையல்காரியிடம் கேட்கிறான். அன்றைக்கு ஜோதிகாமேல் எனக்கு வந்த பொறாமையை என் கடைச் சுவரிடம்கூட நான் சொல்ல மாட்டேன்.

"எனுக்குத் தெரியாது. எங்களோட குந்தி நீயும் கேட்டுக்கோ" என்றேன்.

சரி என்று எழுந்தான். படியில் இறங்கியவன் திரும்பி நின்றான்.

"ஞாயித்துக்கெழம எத்தினி மணிக்குக்கா தொறப்ப?"

மூன்று வருஷமாக அந்த நேரத்தை எங்களுக்குச் சொல்கிறவன் அவன்தான்.