குரல் தட்டின் கடைசி விரற்கடை

மாமன் மகள் எங்கள் இலங்கைத் தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குப் போன அடுத்த வருஷம், ஐப்பசியில், அவளுடைய குரல் தபாலில் வந்தது. திருச்சியில் ஏதோ பொருட்காட்சியாம். நாம் பேசுவதைத் தட்டில் பதித்துக் கொடுத்தார்களாம். பழைய கிராமபோனில் போட்டால் கனத்த ஊசி தட்டைச் சுரண்டிவிடும் என்று மாமா துண்டுச் சீட்டில் எழுதியிருந்தார்.

அவளை எனக்கென்றுதான் பேசி வைத்திருந்தார்கள். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் பாஸ்போர்ட் மாமன் வீட்டுக்கு வந்தது, எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அட்டன் ஸ்டேஷனில் அவர்களை ரயிலேற்றிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அப்போது நான் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் மின்சார வேலை பார்த்தேன். சீமைக்குப் போன துரை தன் ரெக்கார்ட் பிளேயரை என்னிடம் விட்டுப் போயிருந்தார். அதன் ஊசி தட்டில் பட்டும் படாமலும் உட்காரும். ஆனால் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிஜ் கொடுக்கும் சத்தம் மிகச் சின்னது. ரேடியோவில் இணைத்தால் ஒன்றுமே கேட்காது. நடுவில் அதைப் பெருக்கித் தர ஒரு பிரீ-ஆம்ப் வேண்டும்.

அட்டன் ரேடியோ கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று வால்வு போட்ட பெரிய பெட்டி. ஊரைக் கூட்டும், ஆனால் அடியில் ஓர் உறுமல் இருந்துகொண்டே இருக்கும். மற்றது பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் பெட்டி, சோப்புக்கட்டி அளவு. உறுமல் கிடையாது, சத்தமும் குறைவு, ஒருவர் காதை ஒட்டி வைத்துக் கேட்கலாம்.

"எத்தன பேரு கேக்கப் போறீங்க?" என்றார்.

"லயமே கேக்குமுங்க" என்றேன்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இந்தியாவிலிருந்து கடிதம் வந்தால் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் வைத்து உரக்க வாசிப்பதுதான் எங்கள் வழக்கம். தனியாக வாசிப்பவனை ஒரு மாதிரி பார்ப்பார்கள். காகிதத்துக்கே அப்படியென்றால் குரலுக்குக் கேட்கவா வேண்டும்? பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன், மடையன்.

லயத்தில் கரண்ட் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஸ்டோர் வாசலில் கூடினார்கள். அவள் ஒவ்வொருவராக விசாரித்தாள். கொழுந்து எப்படி, மாடு கன்று போட்டதா, கோயில் கூரையை மாற்றியாச்சா. சிரித்தார்கள், அழுதார்கள். பிறகு அவள் குரல் தணிந்தது, உறுமல்தான் கேட்டது. "முடிஞ்சிருச்சு போல" என்று எழுந்தார்கள். நான் எழவில்லை. தட்டில் இன்னும் ஒரு விரற்கடை அளவுக்குக் கோடு விழுந்திருந்தது. அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள், எனக்குத்தான் கேட்கவில்லை.

மறுநாளே அட்டனுக்கு ஓடினேன். சின்னப் பெட்டி விற்றுப்போயிருந்தது. இனிக் கொழும்பிலிருந்து வரவேண்டுமாம். எழுதிக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அங்கேயும் கடிதத்தை வாசலில் வைத்துத்தானே வாசிப்பார்கள்! தேய்ந்துவிடுமோ என்ற பயத்தில் தட்டைத் துணியில் சுற்றி வைத்தேன். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் நிற்கும்போதும் அந்த விரற்கடையில் என்ன இருக்கும் என்றுதான் நினைப்பு. அவள் சொல்லியிருக்கக்கூடியதையெல்லாம் அவள் குரலிலேயே எனக்குள் சொல்லிப் பார்ப்பேன். அவ்வளவு ஏக்கம்.

பெட்டி மாசியில் வந்தது. ஸ்டோரில் ஆளில்லாத ஒரு மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு ஸ்பீக்கரில் காதை வைத்தேன். உறுமல் துளிகூட இல்லை. நல்ல பெட்டி.

"மச்சான், அப்பா வெளிய நிக்கிறாரு. எனக்கு இங்க வேற எடத்துல பேசுறாங்க. தை வரைக்கும் எப்படியாச்சும் தள்ளிப் போடுறேன். என்ன மறக்கலன்னா, அதுக்குள்ள அப்பாவுக்குப் போடுற கடுதாசியில, வாசல்ல நான் வச்ச ரோசா பூத்துருக்குன்னு மட்டும் எழுதுங்க. எனக்கு வெளங்கிரும்."

மார்கழியில் நான் மாமாவுக்கு இரண்டு கடிதம் போட்டிருந்தேன். மழை, கொழுந்து, மாடு, கோயில் கூரை எல்லாவற்றையும் எழுதியிருந்தேன்.