மருத்துவச்சியும் பட்டினி கிடந்த பிடில்காரனும்

மாலை ஆறே முக்கால் மணிக்கு என் மகளுக்கு இடுப்பு வலி எடுத்தது. தலைப்பிரசவம். மருமகன் ஜொகூரில் வேலையாக இருந்தார். வீட்டில் ஆண் என்று இருந்தவன் நான் ஒருவன்தான். துறைமுக அலுவலகத்தில் கிராணியாக எழுத்துவேலை பார்ப்பவன்; கப்பல் தாமதமானால் யாருக்கு என்ன எழுத வேண்டும் என்று தெரியும். வலி எடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. விசிறியை எடுத்து வேகவேகமாக வீசினேன்.

"வலி அவளுக்கு. விசிறி உங்களுக்கா?" என்றாள் மனைவி. "போய் மருத்துவச்சியைக் கூட்டிட்டு வாங்க. அவங்க இல்லாம வாசப்படி மிதிக்காதீங்க."

உள்ளே மகள் ஒரு முறை அலறினாள்.

மருத்துவச்சியின் வீடு இரண்டு சந்து தள்ளி இருந்தது. பூட்டிக் கிடந்தது. எதிர்க்கொட்டிலில் எருமைக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்த பால்காரர் திரும்பிப் பார்த்தார். "அவங்க பயாஸ்கோப்புக்குப் போயிட்டாங்க. ரொம்ப அழ வைக்கிற படமாம்."

சிராங்கூன் சாலையோரத் திடலில்தான் கூடாரம் போட்டிருந்தார்கள். ஓடினேன்.

அந்தக் காலத்துப் படம் பேசாது. திரையோரம் ஒருவர் பிரம்போடு நின்று கதை சொல்வார். அன்றைய கதை, ஊர் ஊராகப் போய்ப் பிடில் வாசிக்கும் ஒரு வெள்ளைக்காரனுடையது. கொட்டும் பனியில் நின்று வாசிக்கிறான். எவரும் ஒரு ரொட்டித் துண்டுகூடத் தரவில்லை. கூடாரமே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. முன்வரிசையில் மருத்துவச்சி, முந்தானையைப் பிழியலாம் போல நனைத்து வைத்திருந்தார்.

குனிந்தபடி போய் விஷயத்தைச் சொன்னேன்.

"தலைப்பிள்ளைதானே? நேரம் கிடக்கு லா," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பசிச்ச முகத்தைப் பாத்துட்டு நான் பிரசவத்துக்குப் போனதே இல்ல. கை ஓடாது. இந்தப் பாவி ஒரு வாய் சாப்பிடட்டும், வரேன்."

சரி, சீக்கிரம் சாப்பிட்டுவிடுவான் என்று நம்பி நின்றேன். ஆனால் நம் ஜனங்கள் கூத்துப் பார்த்துப் பழகியவர்கள். கூத்தில் ஒருவன் நன்றாகப் பாடினால் நடுவிலேயே எழுந்து அன்பளிப்பு கொடுப்பார்கள். ஆட்டத்தை நிறுத்தி, கொடுத்தவர் இன்னார் என்று கூவுவார்கள். அந்த மரியாதையைத் திரையில் இருந்தவனுக்கும் செய்தார்கள். சலவைக்காரர் ஒருவர் எழுந்து துண்டை நீட்டினார். உடனே படம் நின்றது. "குளிரில் வாடும் பிடில்காரருக்குச் சலவைக்காரர் ஐயா அன்போடு கொடுத்த துண்டு!" என்று கூவிய கதை சொல்பவர், அதைத் திரைமேலேயே தொங்கவிட்டார். படம் மறுபடி ஓடியபோது பிடில்காரனுக்குத் தலை இல்லை. "முகம் தெரியல!" என்று ஒரு கூச்சல். "அதான் போத்திக்கிட்டாரே!" என்று இன்னொன்று. துண்டை எடுப்பதற்குள் ஒருவர் வாழைப்பழச் சீப்போடு எழுந்தார். படம் மறுபடி நின்றது.

பொறுக்க முடியாமல் கதை சொல்பவரிடம் போய், "அண்ணே, இவன் எப்பச் சாப்பிடுவான்?" என்றேன்.

"சாப்பிடவே மாட்டான். கடைசியில செத்துருவான்."

அவன் செத்தால் மருத்துவச்சி ஒரு வாரத்துக்கு எழுந்திருக்க மாட்டார். என் மகளின் கதியைச் சொல்லிக் கதை சொல்பவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேற எந்தப் படத்துலயாவது யாராவது சாப்பிடறாங்களா?"

அவர் யோசித்தார். "கல்யாண விருந்து ஒண்ணு இருக்கு. ஆனா மாப்பிள்ளை குண்டு. மீசை வேற."

"போடுங்க!"

சுருளை மாற்றினார்கள். தொப்பையும் முறுக்கு மீசையுமாக ஒருவன் கோழிக்காலைக் கடித்துக்கொண்டு திரையில் தோன்றினான். "பிடிலைக் கேட்டு மயங்கிய சீமாட்டி அவனையே கட்டிக்கிட்டா!" என்று கதை சொல்பவர் முழங்கினார். சீழ்க்கை பறந்தது.

பின்னாலிருந்து ஒருவன், "என்னய்யா, ஆளே மாறிட்டான்?" என்றான்.

மருத்துவச்சி எழுந்து திரும்பி நின்றார். "வேளாவேளைக்குச் சாப்பிட்டா உடம்பு தேறாதா? ஒருத்தன் நல்லா இருந்தா உனக்குப் பொறுக்காதே!"

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க ஏன் இன்னும் நிக்கிறீங்க கிராணியய்யா? பிரசவத்தை வீட்ல வச்சுக்கிட்டுப் படம் பாக்கற நேரமா இது?"

ரிக்‌ஷாவை அவரே நிரப்பிவிட்டதால் நான் பக்கத்தில் ஓடினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கதவை என் முகத்தில் சாத்தினார். உள்ளே கேட்ட ஒவ்வொரு குரலுக்கும் "இதோ வரேன்" என்று பதில் சொல்லிக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது. மகள் களைத்துப்போய்ச் சிரித்தாள். பேத்தி வந்து சேர்ந்திருந்தாள். துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். கண்ணைக்கூடத் திறக்காமல், முகம் சிவக்க, "ங்ஙாஆ!" என்று கூரை அதிரச் சொன்னாள்.

"சரிம்மா," என்றேன். "அப்படியே செஞ்சுடறேன்."