பஞ்சுவுக்காக நேர்ந்துகொண்ட முடி

முதல் எட்டு நாள் எங்கள் நாய் பஞ்சு கட்டிலுக்கு அடியிலிருந்து எங்கள் கண் முன்னால் வெளியே வரவில்லை. நாங்கள் இருந்தால் சாப்பிடாது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து தட்டைக் காலி செய்துவிட்டு மறுபடியும் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வாசலில் என் ஷூ சத்தம் கேட்டால் போதும், இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விடும். ஒரு உயிர் என்னைப் பார்த்து இப்படி நடுங்குகிறதே என்று எனக்கே என் மேல் வெறுப்பு வந்தது.

கிருத்திகை பஜனைக்கு வருகிற அன்பர்களே, என்னை உங்களுக்குத் தெரியும். கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து தாளம் மட்டும் தட்டுகிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எழுந்து பேசு என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் முருகன் எனக்குச் செய்ததை எழுதிக் கொடுக்கிறேன். மகள் பிழை பார்த்தாள். வார்த்தை என்னுடையது.

தை மாதம் நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் ஒருவர் ரிட்டயர் ஆனார். இங்கே நடப்பதுதான். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். லாரி வரும். கட்டில், பீரோ, பூந்தொட்டி எல்லாம் ஏறும். நாயை மட்டும் ஏற்ற மாட்டார்கள். அப்படி அவர்கள் விட்டுப்போனது ஒரு வயதுகூட நிரம்பாத பெண் நாய். செம்பட்டை நிறம், உடம்பெல்லாம் புசுபுசுவென்று முடி. பூட்டிய கதவுக்கு முன்னால் பதினைந்து நாள் கிடந்தது. போகிறவர்கள் கல்லெறிந்தார்கள். ஒரு ஆள் ஷூ காலால் எட்டி உதைத்ததை என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் வந்துவிட்டேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பஞ்சு என்று மகள் பெயர் வைத்தாள். பெயருக்கு ஏற்ற மாதிரி வீடு முழுக்கப் பறந்தது முடி. மாசி வெயில் தொடங்கியதும் இன்னும் கொட்டியது. என் மனைவி செல்வி பள்ளிக்கூடச் சமையலில் வேலை பார்த்துவிட்டு வந்து, வீட்டை ஒரு நாளைக்கு நான்கு முறை பெருக்கினாள்.

"இன்னாங்க இது! கொழம்புல முடி, கோலமாவுல முடி, நேத்து சாமி வெளக்குத் திரியில முடி. நாம நாய் வளக்குறமா, கம்பளி நெய்யுறமா?"

பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் திருநெல்வேலிப் பக்கம். ஒரு நாள் கொடியில் காயப்போட்ட தன் வேட்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, இது வேட்டியா ஸ்வெட்டரா, நீங்களே சொல்லுங்க. நெய்வேலி வெயில்ல எவனாவது ஸ்வெட்டர் போடுவானா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலம் செல்வி தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

"பங்குனிக் கிருத்திக வரிக்கும் பாக்குறேன். அதுக்குள்ள இது மனுசங்களோட சேரலன்னா, நானே ஆட்டோ வச்சு பண்ருட்டி முந்திரித் தோப்புல வுட்டுட்டு வந்துருவேன்."

அவள் கல் நெஞ்சுக்காரி இல்லை. பாவம், ஓய்ந்துபோயிருந்தாள். ஆனால் அந்தத் தோப்பில் இருக்கிற நாய்கள் பஞ்சுவை ஒரு நாள்கூட விட்டுவைக்காது. எதிர்த்துக் குரைக்கக்கூடத் தெரியாத நாய் அது.

மாசிக் கிருத்திகைக்குக் கோயிலுக்குப் போனேன். இருபத்திரண்டு வருடம் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் மண் அள்ளியபோது, பெர்மனெண்ட் ஆக்கு என்று சாமியிடம் கேட்கக்கூட வெட்கப்பட்டவன் நான். அன்று வாய்விட்டுக் கேட்டேன். "முருகா, இதுக்கு பயம் தெளியணும். எங்களோட ஒட்டிக்கணும். முடி உனக்கு."

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"யாரு முடி?" என்றாள் செல்வி.

"பஞ்சு முடிதான். கொழந்தைக்கு நேந்துக்கற மாதிரி நேந்துகினேன்."

அவள் முகம் மலர்ந்தது. "அப்படின்னா இப்பவே எறக்கிடுங்க. சாமிக்கும் ஆச்சு, வூட்டுக்கும் ஆச்சு."

எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. முடி போனால் முடி கொட்டாது. கொட்டாவிட்டால் பஞ்சு தங்கிவிடும். அப்படிக் கணக்குப் போட்டேன். சலூன்காரர் எனக்குத் தெரிந்தவர். கடைக்கு வெளியே பெஞ்சில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, நான் மனுசனுக்குத்தான் மொட்ட போட்டுகினு கீறேன். இது கடிச்சா எனக்கு யாரு ஊசி போடுறது?" என்று சொல்லிக்கொண்டே மெஷினைப் போட்டார்.

முதுகில் ஒரு கோடுதான் ஓடியது. அந்த மெஷின் சத்தத்தில் பஞ்சு வீறிட்டுக் கத்தியது. என் கையிலிருந்து வழுக்கி, ரோட்டில் பாய்ந்து, மரங்களுக்குள் போய் மறைந்துவிட்டது.

இரண்டு நாள் தேடினேன். பிளாக் பிளாக்காகச் சைக்கிள் மிதித்தேன். கிடைக்கவில்லை. வாயால் நேர்ந்துகொண்டு கையால் தொலைத்துவிட்டேனே என்று அழுதேன். மகள் என்னோடு பேசவில்லை. செல்வியும் பஞ்சுவின் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் வேலை முடிந்து வரும்போது ஒரு எண்ணம் வந்தது. அதை முருகன் கொடுத்த எண்ணம் என்றுதான் நம்புகிறேன். அதுவரை எட்டிப் பார்க்காத அந்த ரிட்டயர் ஆனவரின் பழைய குவார்ட்டர்ஸுக்குப் போனேன். பூட்டிய கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு பஞ்சு கிடந்தது.

தூரத்திலேயே ஷூவைக் கழற்றினேன். வெறுங்காலோடு போய்ப் படியின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கூப்பிட்டேன். இன்னும் சுருங்கியது. எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அதன் பக்கம் திரும்பாமல், "முருகா, முருகா" என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன். எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. வெயில் முழங்கால் வரை ஏறியது. அப்போது என் பாதத்தில் ஈரமாக ஏதோ பட்டது. பிறகு ஒரு பாரம். பஞ்சு தன் தாடையை என் கால்மேல் வைத்திருந்தது.

நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் ஓடிவிடுமோ என்று பயம். கண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருந்தது. என் தெய்வம் என்னைக் கைவிடவில்லை.

மறுநாள் கால்நடை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். முதுகில் இருந்த கோட்டைப் பார்த்ததும் டாக்டரம்மா திட்டினார். "மொட்டை போட இது என்ன குழந்தையாங்க? இந்த முடிதான் வெயிலுக்கு அதுக்குக் குடை. தோல்ல நோய் ஒண்ணும் இல்ல. கொட்டுற முடிய தினமும் நீங்களே சீவி எடுத்துடுங்க. அதுவா கிட்ட வரட்டும், நீங்களா இழுக்காதீங்க."

அன்றிலிருந்து ஷூவை கேட்டுக்கு வெளியே விட்டேன். தினமும் வேப்பமரத்தடியில் சீப்பும் கையுமாக உட்கார்ந்தேன். வாயில் முருகா, கையில் சீப்பு. முதல் நாள் நான்கு இழுப்புத்தான் விட்டது. ஒரு வாரத்தில் முதுகு முழுவதையும் கொடுத்தது. பத்தாம் நாள் தானாகப் புரண்டு வயிற்றைக் காட்டியது. ஒரு பை நிறைய முடி சேர்ந்தது. வீட்டுக்குள் பறப்பது குறைந்தது. மகள் கையிலிருந்து சோறு வாங்கித் தின்றது.

ஆனாலும் செல்வி தன் கெடுவை மாற்றவில்லை. பங்குனிக் கிருத்திகை வந்தது. அன்று ஷிப்டில் எனக்கு வேலையே ஓடவில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். செல்வி தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முந்தானைமேல் படுத்து பஞ்சு தூங்கிக்கொண்டிருந்தது.

"ஆட்டோ சொல்லணுமா?" என்று பயந்து பயந்து கேட்டேன்.

"மெதுவா பேசுங்க, இப்பதான் தூங்குது. ஆட்டோவாம் ஆட்டோ!"

அவரைக்காயை ஓரமாகத் தள்ளிவிட்டு அவளே சொன்னாள். "முடின்னுதான நேந்துகினீங்க? யாருதுன்னு முருகன்கிட்ட சொல்லலியே. குடுங்க உங்க தலைய."

பங்குனி உத்திரத்துக்கு மொட்டை போட்டுக்கொண்டேன். சந்தனம் பூசிய தலையோடு வீட்டுக்கு வந்தபோது காவடிகள் எங்கள் தெருவுக்கு வந்தன. பம்பையும் உடுக்கையும் அதிர்ந்தன. நூற்றுக்கணக்கான கால்கள். பஞ்சு ஓடிவிடும் என்றுதான் நினைத்தேன். அது வாசல் கேட் அருகே செல்வியின் காலை ஒட்டி நின்று, வாலை ஆட்டிக்கொண்டு, கடைசிக் காவடி போகும் வரை பார்த்தது.

"அண்ணாச்சி, ஒங்க புள்ளைக்கு இருக்க தைரியத்த பாத்தியளா!" என்று வேட்டிக்காரர் கத்தினார். முருகா என்று நானும் கத்தினேன். என் வாயிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வந்து தெருவில் யாரும் கேட்டதில்லை.

வேலையில் மொட்டையைப் பார்த்து, "இன்னாபா, நாய்க்கா மொட்ட?" என்று கிண்டல் செய்தார்கள். ஆமாம் என்றேன். டீ நேரம் முடியும் வரை முழுக் கதையையும் நின்று சொன்னேன். போன வாரம் டீக்கடையில் ஒருவர் ஒரு குட்டியை உதைக்கக் காலைத் தூக்கினார். "காலை எறக்குங்க சார்" என்றேன். அவர் இறக்கினார். பழைய ஆளாக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பேன்.

அன்பர்களே, இது சின்ன விஷயம், இதைப் போய்ச் சாமியிடம் கேட்பதா என்று எதையும் மனதுக்குள் பூட்டி வைக்காதீர்கள். கேட்ட விதத்தில் தப்பு இருந்தாலும் அவன் திருத்தி எடுத்துக்கொள்வான். யாரோ விட்டுப்போன ஒரு நாய்க்காகக் கேட்டவனையே வெறுங்கையோடு அனுப்பாதவன், உங்கள் பிள்ளைக்காக நீங்கள் கேட்டால் அனுப்புவானா? வாயைத் திறந்து கேளுங்கள்.