எச்சில் படாத சட்டி

மேசை நடுவில் சின்ன கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, அதன்மேல் மண்சட்டியை ஏற்றினார் மாப்பிள்ளை. அவர் ஜப்பான்காரர். சட்டியில் கடற்பாசி ஊறிய தண்ணீர், டோஃபு, காளான், முட்டைக்கோஸ். நாபே என்று பெயராம். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, கொதிக்கக் கொதிக்க எடுத்துச் சாப்பிட வேண்டுமாம். ஒரே சட்டியிலிருந்து! கேட்டதுமே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

என் கணவருக்குக் கிட்னி மாற்றியதிலிருந்து நான் இப்படித்தான். புதுக் கிட்னியை உடம்பு ஏற்றுக்கொள்வதற்காக அவர் விழுங்கும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்துக் குறைத்துவிடும். சாதாரணச் சளிகூட அவரை ஆஸ்பத்திரியில் தள்ளிவிடலாம். அதனால் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனி ஸ்பூன். சாப்பாடும் தனியாக, ஹாலில். இங்கே மில்பிடாஸ் ஊருக்குள் மளிகை வாங்கப் போய்வந்தால்கூடக் குளித்துவிட்டுத்தான் அவர் பக்கம் போவேன். எச்சில் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். அப்போது அது திட்டு வாங்குகிற சமாசாரம். இப்போது உயிர்ச் சமாசாரம்.

"அப்பா எல்லாரோடயும் உட்கார்ந்து சாப்பிடலாம்னு டாக்டரே ஓகே சொல்லிட்டார்மா. நல்லா கொதிக்கிற சாப்பாடு, ஃபேமிலி மட்டும்தான். ரிலாக்ஸ்," என்றாள் மகள்.

ரிலாக்ஸாம்! ஜுரம் வந்தால் பக்கத்தில் விழித்துக்கொண்டு உட்காரப்போவது டாக்டரா, நானா?

மாப்பிள்ளை நல்ல மனிதர். சட்டிக்கென்று நீளக் குச்சிகள் ஒரு ஜோடி தனியாக வைத்தார். வாயில் வைக்கிற குச்சி சட்டிக்குள் போகாது என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். அப்படியும் எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. மேசையின் மறுகோடியில் உட்கார்ந்து யார் கை எங்கே போகிறது என்று காவல் காத்தேன். மகள் ஒரு தரம் செருமினாள். எனக்குத் திக்கென்றது.

"சளியா?"

"ஆவி பட்டுச்சும்மா! விடேன்."

கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தான் வாயில் வைத்துச் சாப்பிட்ட குச்சியை நேரே சட்டிக்குள் விட்டு ஒரு காளானை எடுத்தார்.

"ஐயோ, என்னங்க பண்றீங்க?"

மகளும் மாப்பிள்ளையும் அப்படியே கையை நிறுத்திவிட்டார்கள். அவர் காளானைப் பாதி கடித்து, மீதியை எட்டி என் கிண்ணத்தில் வைத்தார். நோய் வருவதற்கு முன்பு எதைத் தின்றாலும் பாதியை இப்படித்தான் என் தட்டில் தள்ளுவார்.

"என் எச்சில்தானே? என் எச்சிலால எனக்கு என்ன ஆயிடும்?" என்றார். "எனக்கு ஜுரம் வந்துடுமோன்னு உனக்குப் பயம். எனக்கு வேற பயம். இப்படியே ஹால்ல, தனித் தட்டுல, தனியா சாப்பிட்டே போய்ச் சேந்துடுவேனோன்னு."

இந்த மனுஷனை உயிரோடு வைத்துக்கொள்ளத்தானே இத்தனையும் செய்தேன்! அந்தப் பாதிக் காளானை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். நாக்கு வெந்துபோனது. கண் கலங்கியதற்கு அதையே காரணம் சொன்னேன்.

பயம் போய்விட்டதா என்றால், எங்கே போகும்?

"அடுப்பை இன்னும் கொஞ்சம் பெரிசா வைக்கச் சொல்லுடி மாப்பிள்ளைய. நல்லா தளதளன்னு கொதிக்கட்டும்," என்று மகளிடம் சொல்லிவிட்டு, என் நாற்காலியைக் கணவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.