மாவுக்கடையின் இணையப் பெயர்

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. மீன் கடையில் தராசு முள்ளைப் பார்க்காமல் பர்ஸைத் திறக்க மாட்டேன்.

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் எனக்கு இட்லி மாவுக் கடை. பாதி ஆர்டர் இணையதளத்தில்தான் வருகிறது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் அதன் முகவரியை அச்சடித்திருக்கிறேன். தளத்தை அமைத்துக் கொடுத்தவர் பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் ஒரு தம்பி, தஞ்சாவூரிலிருந்து கணினி வேலைக்கு வந்தவர். கூலி வேண்டாம் என்றார். அதுவே எனக்கு உறுத்தியது. சும்மா யார் செய்வார்கள்?

போன மாதம் அவர் போனில் ஒரு அறிவிப்பை அனுப்பினார். அந்த முகவரி போன்ற இணையப் பெயர்களைப் பதிவு செய்யும் நிறுவனம் அடுத்த மாதம் முதல் ஆண்டுக் கட்டணத்தை இரண்டு மடங்காக்குகிறதாம். நிஜம்தானா என்று நிறுவனத்தையே கூப்பிட்டேன். உரிமையாளரிடம்தான் பேசுவோம் என்றார்கள். பதிவில் உரிமையாளராக இருந்தது அந்தத் தம்பி. அவர் அந்தப் பெயரை வேறொரு மாவுக்காரனுக்கு விற்றால், என் பாக்கெட் எல்லாம் அவனுக்கு விளம்பரம்.

தம்பியிடமே கேட்டேன். "அப்ப அவசரத்துல என் பேர்ல போட்டுட்டேன்க்கா. மாத்திடலாம் லா," என்றார் இந்த ஊர்ப் பேச்சில். மழுப்புகிறார் என்றே நினைத்தேன்.

அந்த வாரம் தெரியாத முகவரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது: இதை அழுத்தி உறுதி செய்யுங்கள். எங்கள் அடுக்குமாடி புளோக் லிஃப்டில் ஒட்டியிருக்கும் மோசடி எச்சரிக்கை அழுத்தாதே என்கிறது. அழித்தேன். மறுபடி வந்தது. மறுபடி அழித்தேன்.

சனிக்கிழமை தேக்கா சாப்பாட்டுக் கடையில் அவரைப் பார்த்துவிட்டேன். அவரோடு வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர் பக்கத்தில் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டேன்: "என் கடைப் பேரை எவ்வளவுக்கு விக்கிறதா இருக்கீங்க?"

அவர் தேநீரைக் கீழே வைத்தார். "மெயில் வரலையாக்கா? நீங்க ஓகே குடுத்தாதான் உங்க பேருக்கு மாறும். ரெண்டு தடவை அனுப்பிட்டேன்."

மூன்றாவது முறை அனுப்பினார். அங்கேயே அழுத்தினேன். பெயர் என்னுடையதானது. கீழே காலாவதித் தேதி பத்து வருடம் தள்ளியிருந்தது, பக்கத்தில் பணம் கட்டிய தேதி. விலை ஏறுவதற்குள் பழைய கட்டணத்திலேயே மொத்தத்தையும் கட்டியிருக்கிறார், எனக்கு அறிவிப்பை அனுப்பிய அதே நாளில். வெட்கத்தில் முகம் எரிந்தது.

"பணம் தந்துடுறேன் தம்பி."

"பரவால்லக்கா. அந்தப் பதிவுல தொடர்புக்கு என் நம்பர் இருக்கும், எடுத்துடுங்க. இனிமே எல்லாம் உங்களுக்கே நேரா வரும்." பாதித் தேநீரோடு எழுந்து போனார்.

அந்த எண்ணை நீக்குவதற்கு முன் ஒரு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வேலையாக இருப்பார் என்று நம்பப் பார்க்கிறேன்.