இடது கைக்கு ஒரு கம்ப்யூட்டர்

என் தம்பி கேம் விளையாடக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறான் என்ற செய்தி எங்கள் லயத்து வீட்டு வரிசை முழுக்கப் பரவிய அன்று, குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "வேலையில்லாம இருக்கிற புள்ளைக்கு எதுக்கு டீச்சர் இதெல்லாம்?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "வெளையாடத்தாங்க வாங்குறான். நீங்க நாடகம் பாக்கத்தானே டீவி வாங்குனீங்க?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஹல்துமுல்லைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவர்களிடம் நான் சொல்லாதது ஒன்று இருந்தது. தம்பி பண்டாரவளையில் ஒரு போன் கடையில் வேலை பார்த்தவன். கடை மூடியதும் பின்னறையிலிருந்த முதலாளியின் கம்ப்யூட்டரில் கேம் ஆடுவான். ஐந்து பேர் ஒரு அணி, எதிரில் ஐந்து பேர், ஒளிந்து ஒளிந்து சுட வேண்டும். அவனுடைய கூட்டாளிகள் நாலு பேரில் இருவர் வெலிமடையில், ஒருவன் கொழும்பில், ஒருவன் கட்டாரில். குறி பார்த்துச் சுடுவதற்கு அந்த அணியில் இவன்தான். ஒரு நாள் பனிமூட்டத்தில், வளைவில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தான். வலது கை போயிற்று. கை இருக்கிறது, ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் கொஞ்சம் மடங்கும். மற்ற மூன்றும் சொன்னதைக் கேட்காது. வேலையும் போனது. கூட்டாளிகள் கூப்பிட்டால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவான்.

அப்படி இருந்தவன் ஒரு நாள் காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னான்: "அந்தப் பைக்க வித்துட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம்னு இருக்கேன் அக்கா. இடது கையால ஆடிப் பாக்குறேன். வரலேன்னா வித்துர்றேன். அதுக்குப் பொறகு யாரும் அந்தப் பேச்ச எடுக்கக் கூடாது."

வரவில்லை என்றால் இவன் முகத்தை எப்படிப் பார்ப்பது? அதைவிடச் சும்மா உட்கார்ந்திருப்பதே மேல் என்றுகூட நினைத்தேன். ஆனால் "சரி, போவோம்" என்றுதான் வாயில் வந்தது.

பதுளையில் பஸ் நிலையத்துக்கு மேலே ஏறிப் போகிற தெருவில், மாடியில் ஒரு கடை. வாசலிலேயே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பும் நீலமுமாக ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நான் சொக்கிப்போய் நின்றுவிட்டேன். "டேய், இது எப்பிடி இருக்கு பாரு!" "கலியாண வீட்டு லைட்டு மாதிரி இருக்கு. நீ வா அக்கா" என்று உள்ளே போய்விட்டான்.

கடைக்காரர் வாங்க வாங்க என்று உட்கார வைத்து, கையிலிருக்கிற காசுக்குத் தோதாக ஒரு முழு செட்டைக் காட்டினார். தம்பி அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தனித்தனியா பாக்கலாமாண்ணே?" என்றான். அதற்குப் பிறகு அங்கே நடந்ததைத்தான் நான் இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் தேத்தண்ணிக்குச் சீனி வேண்டுமா என்று கேட்டால்கூட ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவன், அங்கே வாயைத் திறந்து வழக்காடினான்.

முதலில் கிராபிக்ஸ் கார்டை வெட்டினான். "படம் காட்டுற வேலையையும் சேத்துச் செய்யிற பிராசஸர் ஒண்ணு தாங்கண்ணே, கார்ட் இப்ப வேணாம்."

"கேமுக்கு கார்ட் இல்லாமலா தம்பி?"

"நான் ஆடுறது ஒரே ஒரு கேம். அதுக்கு இது தாங்கும். பின்னுக்கு கார்ட் போடலாம், அதுக்கு எடம் இருக்கிற மதர்போர்டா பாருங்க."

நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். வராவிட்டால் விற்றுவிடுவேன் என்றவன், பின்னால் வரப்போகிற கார்டுக்கு இடம் பார்க்கிறான்! இருமுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ராம் ஒன்று பெரிதாக வாங்காமல் ஏன் சின்னதாக இரண்டு என்று நான் கேட்டேன். தனிக் கார்ட் இல்லாததால் படத்துக்கும் இந்த ராமைத்தான் பிராசஸர் எடுத்துக்கொள்ளும், ஒற்றைக் கதவைவிட இரட்டைக் கதவில் போக்குவரத்து வேகம் என்றான். பத்து வருசமாகப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்திச் சம்பளம் வாங்குகிறேன், இவ்வளவு லேசாக எனக்கு வராது. கலர் ஃபேன் வேண்டவே வேண்டாம் என்றான். "எங்க ஊர்ல ஜன்னலத் தெறந்தா போதும்ணே, குளிர் உள்ளுக்கே வந்து குந்திக்கும்." கடைக்காரர் சிரித்துவிட்டார். ஆனால் பவர் சப்ளைக்கு வந்தபோது மட்டும் மலிவானதைத் தொடவே இல்லை. "அந்தியில எல்லா வீட்லயும் கரண்ட் கேத்தல் போட்டா எங்க லயத்துல பல்ப் மஞ்சளாயிரும். இதுல மட்டும் நல்லதாக் குடுங்க." பெட்டி வெறும் கறுப்புத் தகரம். மொனிட்டர், யாரோ பாவித்து விற்றது, மூலையில் ஒரு கீறல்.

மவுஸுக்கு வந்தபோதுதான் பேச்சு நின்றது. கண்ணாடி அலுமாரியில் இருந்த அத்தனையும் வலது கைக்கென்று வளைத்துச் செய்தவை. இடது கையில் பிடித்தால் கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொத்தானும் இல்லை. அவனுக்கோ அங்கே பொத்தான் கட்டாயம் வேண்டும். வலது கையின் இரண்டு விரல்களால் கீபோர்டில் நாலைந்து கட்டைகளைத்தான் எட்ட முடியும், மீதி வேலையை எல்லாம் மவுஸே செய்ய வேண்டும். அந்தக் கடைக்காரரைச் சும்மா சொல்லக் கூடாது. முகம் சுளிக்காமல் ஒவ்வொரு பெட்டியாக உடைத்து அவன் இடது கையில் வைத்தார். வேறு ஆட்கள் வந்து காத்திருந்தார்கள், அவர் அசையவில்லை. கடைசியில், "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, ரெண்டு பக்கமும் பொத்தான் இருக்கிறது ஒண்ணு இருக்கு தம்பி. கொழும்புல இருந்து எடுக்கணும். ஆனா வெல கூட" என்றார்.

விலையைச் சொன்னதும் நான் கத்தியே விட்டேன். "என்னது! ஒரு மவுஸுக்கா?" தம்பி என்னைப் பார்க்கவே இல்லை. "மொனிட்டர இன்னும் சின்னதா மாத்திக்கிறோம்ணே. மவுஸ் அதையே எடுங்க."

திரும்பும் வழியில் பஸ் பண்டாரவளை வருமட்டும் நான் ஓயவில்லை. எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மொனிட்டரைச் சுருக்கிவிட்டு, உள்ளங்கைக்குள் மறைந்துபோகிற சாமானுக்கு அள்ளிக் கொடுக்கிறாயே, உனக்கு மூளை இருக்கா என்று கேட்டேன். அவன் பொறுமையாகச் சொன்னான்: "பொட்டிக்குள்ள இருக்கிறது எல்லாம் யாரு வாங்கினாலும் ஒண்ணுதான் அக்கா. எனக்குன்னு பாத்து வாங்க வேண்டியது இது மட்டுந்தான்." நான் வாயை மூடிக்கொண்டேன். அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

சாமான் எல்லாம் வந்து சேர்ந்ததும் அறையில் பாயை விரித்துப் பூட்டினோம். அவன் இடது கையும் என் வலது கையும்தான் வேலை செய்தன. பிராசஸரை வைக்கும்போது நான் கட்டைவிரலால் அழுத்தப் போனேன். "அமுக்காத, அதுவா உக்காரும்" என்றான். நான் திருகாணியைக் கோணலாகப் போட்டால் திருப்பிக் கழற்றச் சொன்னான். என் வகுப்புப் பிள்ளைகள் பார்த்திருந்தால் ஆனந்தப்பட்டிருப்பார்கள்.

பௌர்ணமிப் போயா லீவன்று காலையில் தொடக்கம். அம்மா குளித்துவிட்டுச் சந்தனம், குங்குமம், சூடத் தட்டோடு வந்துவிட்டாள். எங்கள் வீட்டில் சைக்கிள் வந்தாலும் தையல் மெஷின் வந்தாலும் பொட்டு வைக்காமல் ஓட்ட விடமாட்டாள். பெட்டிக்கு, மொனிட்டருக்கு, கீபோர்டுக்கு என்று வரிசையாக வைத்துக்கொண்டு போனாள். நான் சூடம் ஏற்றிக்கொண்டிருந்தேன். தம்பி இடது கையை நீட்டி ஆன் பண்ணப் போனான். "பீச்சக்கையாலயா தொடங்குவ? ஆகாது சாமி" என்று அம்மா அவனுடைய வலது கையைத் தன் இரண்டு கையாலும் தூக்கி, அந்த ஆள்காட்டி விரலால் பொத்தானை அமுக்க வைத்தாள். மெஷின் சத்தமில்லாமல் உயிர் பிடித்தது. நாங்கள் மூன்று பேரும் சிரித்துக்கொண்டு நின்றோம்.

கேமை ஏற்றி, ஆள் இல்லாமல் தனியாகப் பழகுகிற இடத்துக்குப் போனான். இடது கையில் மவுஸைப் பிடித்து நகர்த்தினான். திரையில் குறி ஒரு இழுப்பு இழுத்து நின்றது. பிறகு குதித்தது. பிறகு அசையவே இல்லை. அவன் மெதுவாக நகர்த்திப் பார்த்தான், வேகமாக நகர்த்திப் பார்த்தான், மேசையை நெருக்கிப் போட்டு முழங்கையை ஊன்றிப் பார்த்தான். நெற்றி வியர்த்துவிட்டது, அந்தக் குளிரில். நான் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மவுஸை வைத்துவிட்டான்.

"கை வரல அக்கா. நடுங்குது போல. விடு, வித்துரலாம்."

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை, பொல்லாத கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பனி மேல், வளைவு மேல், அந்த மூன்று விரல் மேல், கொழும்பிலிருந்து வரவழைத்த அந்த மவுஸ் மேல். "இதுக்கா இவ்வளவு காசு!" என்று அதைப் பிடுங்கி வயரோடு இழுத்தேன். உள்ளங்கையில் ஏதோ பிசுபிசு என்றது. பார்த்தால் மஞ்சள். மோந்து பார்த்தால் சந்தனம்.

மவுஸைக் கவிழ்த்தேன். அடியில், வெளிச்சம் வருகிற சின்னக் குழி ஒன்று உண்டு, மேசையைப் பார்த்துக்கொண்டே போகிற கண் அதுதான். அந்தக் குழிக்குள் அச்செடுத்த மாதிரி ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

"அம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"மேல வச்சா கை பட்டு அழிஞ்சிரும்னுதான் அடியில வச்சேன்" என்றாள் அம்மா, பயந்துபோய். "பொட்டு வைக்கவே குழி விட்டிருக்காங்கன்னு நெனச்சேன்."

அப்போதுதான் ஒன்று உறைத்தது. கடையில் ஒவ்வொரு சாமானையும் சந்தேகப்பட்டு, தட்டிப் பார்த்து, திருப்பிக் கொடுத்த பையன், அன்றைக்கு மவுஸைச் சந்தேகப்படவில்லை. நேராகத் தன் கையைத்தான் சந்தேகப்பட்டான். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் தாங்காது.

நெருப்புக்குச்சியில் பஞ்சைச் சுற்றி நானே துடைத்தேன். அவன் திரும்ப உட்கார்ந்தான். குறி வழுக்கிக்கொண்டு போனது. இலக்கிலிருந்து விலகிப் போனது, தாண்டிப் போனது, ஆனால் போனது. மத்தியானச் சோற்றுக்கு மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவன் செய்ததைப் பார்த்து நான் அசந்துபோனேன். நாளெல்லாம் ஒரே இலக்கை விழுத்திக்கொண்டிருந்தான். எந்தப் பொத்தானில் எந்த வேலை என்று மாற்றினான், மறுநாள் அதையும் மாற்றினான். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம், "இன்னைக்கு எப்பிடி?" என்பேன். "நேத்தைக்கு மேல" என்பான். சில நாள், "நேத்தே மேல" என்பான். மறுநாளும் உட்காருவான். இந்தப் பிடிவாதம் எங்கள் குடும்பத்தில் யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை. என்னிடமிருந்து இல்லை.

ஒரு சாயங்காலம் கூட்டாளிகளை அவனே கூப்பிட்டான். ஜன்னலில் ரவுட்டரைத் தூக்கி வைத்து, சின்ன ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு, ஐந்து பேரும் சேர்ந்து ஆடத் தொடங்கினார்கள். அந்த நாலு பேரும் நல்ல பிள்ளைகள். ஆனால் குரலைக் கேட்டால் ஆஸ்பத்திரியில் நோயாளி பார்க்க வந்தவர்கள்போல. இவன் செத்தால் "பரவால்லடா." தவறவிட்டால் "மெதுவா ஆடு, அவசரமில்ல." ஒவ்வொரு பரவாயில்லைக்கும் தம்பியின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. இதற்குத்தானா இவ்வளவு பாடு என்று எனக்கே தோன்றிவிட்டது.

கடைசிச் சுற்று, இரண்டு அணியும் சமம். தம்பி ஒருவனைத் தவறவிட்டான். கட்டாரில் இருக்கிறவனுக்குப் பொறுக்கவில்லை. "டேய் எருமை! கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? கதவுக்குப் பக்கத்துல மலை மாதிரி நிக்கிறான், நீ செவத்தச் சுட்டுக்கிட்டு இருக்க!"

ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா மாவுக் கையோடு ஓடி வந்தாள். "யாருப்பா அது எம் புள்ளைய ஏசுறது? அவன் கை சரியில்லாத புள்ளன்னு ஒனக்குத் தெரியாதா?"

ஸ்பீக்கரில் அந்தப் பையன், குரல் கம்மி, "மன்னிச்சுக்கங்கம்மா..." என்று இழுத்தான்.

"அம்மா, நீ சும்மா இரு!" என்று தம்பி கத்தினான். பனிமூட்டத்தில் விழுந்த நாளிலிருந்து அவன் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் பல். "டேய், நீ ஏசுடா. நிப்பாட்டாத. நல்லா ஏசு."

அவனும் ஏசினான். தம்பி சிரித்துக்கொண்டே இடது கையால் குறி பார்த்துக்கொண்டிருந்தான்.